நீச்சல் மாஸ்டரும் ஜெர்சிக் காளையும்

மதுரையில் இன்றைக்கு ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரை, அவர்களுக்கு வால் இருந்தபோதே பார்த்தவர் எங்கள் நீச்சல் மாஸ்டர். வால் என்று நான் சேட்டையைச் சொல்லவில்லை. நிஜமான வால். தலை, கழுத்து, வால் என்று மூன்றே உறுப்புகளோடு அவர்கள் அலைந்துகொண்டிருந்த காலத்தில், மைக்ராஸ்கோப் வழியாக அவர்களை எண்ணிப் பார்த்துத் தாளில் குறித்தவர் அவர்.

கே.கே. நகரில் பிள்ளைப்பேறுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கிளினிக்கின் மாடியில் அவருக்கு ஒரு சின்ன அறை. கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி, ஒல்லியான ஆள். குரல் மட்டும் பஸ் கண்டக்டர் குரல். ஊரே விந்தணு என்ற சொல்லைக் கேட்டால் குனிந்துகொள்ளும். இவர் காய்கறி விலை கேட்பது போலச் சொல்வார். அதுவும் அடிக்கடி சொல்ல மாட்டார். அவருக்கு அவர்கள் எல்லாரும் 'பயலுக'தான். "பயலுக நல்லாத்தான் இருக்காய்ங்க, கொஞ்சம் சோம்பேறிக" என்று அவர் சொன்னால் அது ஒரு குடும்பத்தின் தலையெழுத்து.

நீச்சல் மாஸ்டர் என்ற பெயர் வந்தது கிளினிக்குக்கு எதிரே இருந்த டீக்கடையில். அங்கே நின்றபடிதான் டாக்டரம்மாவோடு போனில் பேசுவார். "நீச்சல் ரொம்ப மோசம் டாக்டர், பாதிப் பேரு நின்ன எடத்துலயே சுத்துறாய்ங்க" என்று அவர் சொல்வதைக் கேட்ட டீக்கடைக் கூட்டம், ஏதோ நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவர் போல என்று முடிவு கட்டிவிட்டது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தயங்கித் தயங்கி அவரிடம் வந்து, இந்த வயதில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நம் ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆறுதலாகத் தோளில் கை வைத்தார்.

"வயசெல்லாம் பெரிய விசயமில்ல சார். மூணு நாள் வீட்டம்மாவை விட்டுத் தள்ளி இருங்க. நாலாம் நாள் காலையில வாங்க. டப்பா நாங்களே குடுப்போம்."

வாத்தியார் அன்றைக்குக் குடித்துக்கொண்டிருந்த டீயை முடிக்கவில்லை என்று கேள்வி. மாஸ்டருக்கோ நீச்சல் சுத்தமாகத் தெரியாது. குளத்துப் படிக்கட்டில் கால் நனைப்பதற்கே யாராவது கையைப் பிடிக்க வேண்டும்.

அவருடைய பெரிய வியாதி விளக்கம் சொல்வது. யாராக இருந்தாலும், அவரவர் தொழிலை வைத்தே விளக்குவார். ஆட்டோக்காரரிடம், "தலையில சாமான், கழுத்துல எஞ்சின், வாலுதான் சக்கரம்" என்பார். கொரியர் கொடுக்க வந்தவரை நிற்க வைத்து, "தலை முழுக்க ஒரே பார்சல்தான் தம்பி, அப்பன் குடுக்குற இருபத்து மூணு குரோமோசோம். அட்ரஸ் மாறாமக் கொண்டு சேக்கணும்ல, அம்புட்டுத்தான் அவன் வேலை" என்று கால் மணி நேரம் பேசியதில், மற்ற வீட்டுப் பார்சல்கள் எல்லாம் அன்று தாமதமாயின. தலைக்கு மேல் ஒரு தொப்பி உண்டு, அதற்குள் இருக்கும் சரக்குதான் முட்டையின் மேலுறையைக் கரைக்கும் என்பதை விளக்க, ஹெல்மெட்டோடு வந்த ஒரு போலீஸ்காரரையே மாதிரியாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

கோடிப் பேர் ஓடி முதலில் வந்தவன் ஜெயிக்கிற பந்தயம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். பந்தயமெல்லாம் கிடையாது, மாட்டுத்தாவணியில் தீபாவளிக்கு முதல்நாள் பஸ் ஏறுகிற கூட்டம் மாதிரிதான் அது என்பார். பாதிப் பேர் முட்டையே வராத குழாய்க்குள் போய்விடுவார்கள். மிச்சப் பேரில் முக்கால்வாசி வழியிலேயே காலி. முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் முட்டையைச் சுற்றியுள்ள உறையைக் கரைத்துக் கரைத்தே ஓய்ந்துபோவார்கள். பின்னால் வந்த ஒருவன் அந்த வழியில் நுழைவான். நுழைந்ததும் முட்டை தன் மேலுறையை இறுக்கிக் கதவைச் சாத்திவிடும். "அப்புறம் எந்த மந்திரி சிபாரிசு கொண்டு வந்தாலும் தொறக்காது" என்று முடிப்பார்.

இவ்வளவு வாயாடியான மனிதருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் வாய் தைத்தது மாதிரி. யாருடைய ரிப்போர்ட்டையும் வெளியே சொல்ல மாட்டார். ஆரம்ப காலத்தில், ஒரு பொருட்காட்சியில் தெரிந்த தம்பதியைக் கைக்குழந்தையோடு பார்த்த சந்தோஷத்தில், "இவன் நம்ம ஆளுல்ல" என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டாராம். பக்கத்தில் நின்ற மாமியாருக்கு வைத்தியம் பார்த்த சங்கதியே தெரியாது. 'நம்ம ஆளு' என்றால் என்ன அர்த்தம் என்று அந்தம்மா மருமகளைக் கேட்க ஆரம்பிக்க, அப்பளக் கடைக்கு முன்னால் ஒரு பெரிய ரகளையே நடந்திருக்கிறது. அன்றைக்கு எடுத்த சபதம்தான்: கிளினிக்குக்கு வந்த யாரைத் தெருவில் பார்த்தாலும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். கே.கே. நகரில் அவர் பத்தடிக்கு ஒரு தரம் சுவரைப் பார்த்து நின்றதால், அவருக்குச் சர்க்கரை வியாதி முற்றிவிட்டது என்று சிலர் அவர் மனைவியிடமே துக்கம் விசாரித்தார்கள்.

இந்த மனிதரிடம் நான் மாட்டிக்கொண்ட கதையைத்தான் சொல்ல வந்தேன். என் மனைவி கலா எழுதலாம் என்று சொல்லிவிட்டாள். மாஸ்டரும் சம்மதித்தார், பெயர் மட்டும் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

எங்கள் வீடு செல்லூரில். கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளை இல்லை. அந்த ஆறு வருடமும் வைத்தியம் என்றால் கலாவுக்குத்தான். ஸ்கேன் அவளுக்கு, ஊசி அவளுக்கு, மாத்திரை அவளுக்கு, விரதமும் அவளுக்கே. எனக்கு வேலை, ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பது. ஒருவர்கூட என்னை ஏன் என்று கேட்டதில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. என் அம்மா, எங்கள் வம்சத்தில் அப்படியொரு குறை கிடையாது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். ஆறாம் வருடக் கடைசியில், விருதுநகர்ப் பக்கம் இருக்கும் ஒரு தூரத்து உறவுக்காரப் பெண்ணைப் பற்றி அவள் விசாரிக்க ஆரம்பித்தது எனக்குக் காதில் விழுந்தது. கலாவுக்கும் விழுந்தது. அடுத்த வாரம் தானே தேடிப் பிடித்து கே.கே. நகர் கிளினிக்குக்கு என்னைக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா கலாவின் ஃபைலை ஒரு புரட்டுப் புரட்டி மூடி வைத்தார். இதில் இனிமேல் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, முதலில் அவருடைய ரிப்போர்ட்டைக் கொண்டு வாருங்கள் என்று என்னைக் கை காட்டினார். அந்தக் கை என்னை நோக்கித் திரும்பியபோது நான் வாசல் கதவைப் பார்த்தேன். ஆறு வருடமாக ஒளிந்திருந்தவனுக்குத்தான் அது ஏன் என்று புரியும்.

அப்போதுதான் எனக்குப் பாண்டி ஞாபகம் வந்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன். டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பால் பண்ணையில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் வேலை. நான் ஒரு பேச்சுக்குத்தான் புலம்பினேன். அவன் அதை ஒரு கோரிக்கையாகவே எடுத்துக்கொண்டான்.

"மாப்ள, நீ எதுக்குக் கவலைப்படுற. பண்ணையில தூக்கிப் போட வச்சிருக்க, காளை விந்து அடைச்ச குச்சி பத்துப் பதினஞ்சு கெடக்கு. அம்புட்டும் நம்பர் ஒன் காளையோடது. சுத்துப்பட்டு ஊரெல்லாம் அதோட பிள்ளைகதான். டாக்டரே மிரண்டுருவாரு பாரு."

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு ஓர் அருமையான யோசனையாகத் தெரிந்தது. வீட்டிலிருந்தே சாம்பிள் கொண்டு வருகிறேன், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறேன் என்று கிளினிக்கில் அனுமதி வாங்கினேன். மறுநாள் காலை பாண்டி, குச்சிகளை உறைய வைத்திருந்த ஒரு சின்ன நைட்ரஜன் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து மாட்டுத்தாவணியில் இறங்கினான். ஒரு டீக்கடையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, பேனா ரீஃபில் மாதிரி இருந்த குச்சிகளை அதில் போட்டு உருக வைத்தான். ஒரு குச்சியில் வந்தது நாலு சொட்டு. மனுஷ அளவு வர வேண்டுமே என்று எட்டுக் குச்சிகளை வெட்டி டப்பாவுக்குள் விட்டான். டப்பாவைச் சட்டைக்குள் வைத்து, உடம்புச் சூட்டிலேயே கொண்டு போய் மாஸ்டர் கையில் கொடுத்தேன். அன்றுதான் நான் அவரை முதல் தடவை பார்த்தது.

அரை மணி நேரம் கழித்து டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே போனதும் ஸ்டூலில் உட்காரச் சொல்லி, மைக்ராஸ்கோப்பைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அடேயப்பா, ஒரு சித்திரைத் திருவிழாவே ஓடிக்கொண்டிருந்தது. வாலை அடித்துக்கொண்டு அலை அலையாகப் போனார்கள். என் சொந்த உழைப்பு மாதிரி எனக்கு நெஞ்சு விரிந்தது.

"எப்பிடி ஓடுறாய்ங்க பாத்தீங்களா" என்றார்.

பார்த்தேன் என்றேன், அடக்கமாக.

"ஒரே ஒரு சந்தேகம்ணே. நீங்க வீட்ல தவிடு, புண்ணாக்கு எதுவும் சாப்புடுறீங்களா?"

அவர் நிதானமாகப் பக்கத்தில் வந்து, ஒரு பேனா முனையால் காகிதத்தில் வரைந்து காட்டினார். மனுஷப் பயலின் தலை முட்டை வடிவத்தில் சின்னதாக இருக்குமாம். இங்கே ஓடிக்கொண்டிருப்பவர்களின் தலை துடுப்பு மாதிரித் தட்டையாக, ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம். வாலும் நீளம். போதாக்குறைக்கு இடையிடையே கோழி முட்டையின் மஞ்சள் கருத் துணுக்குகள் வேறு மிதக்கின்றன. உறைய வைக்கும்போது பயலுகள் செத்துப்போகாமல் இருக்கப் பண்ணைகளில் அதைக் கலப்பார்களாம்.

"ஜெர்சியா, சிந்தியா?" என்று கேட்டார்.

"ஜெர்சி கிராஸுண்ணே" என்றேன். வேறு என்ன சொல்ல.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கீழே போய் டாக்டரம்மாவிடம் சொல்லுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். கண்டக்டர் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"இத நான் நார்மல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருவேன். ரெண்டு நிமிச வேலை. அதுக்கப்புறம் அந்தத் தங்கச்சிக்கு இன்னும் எத்தன வருசம் ஊசி போடுவீங்க?"

கலாவின் முழங்கையின் உட்பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. ஊசி ஏறி ஏறிக் கன்றிப்போய், அந்த இடம் தெரியக் கூடாது என்று முழுக்கை வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள் அவள். பங்குனி வெயிலிலும் முழுக்கைதான். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் அழுதேன். மாஸ்டர் காளைச் சாம்பிளைக் கழுவிக் கொட்டிவிட்டு, மூன்று நாள் கழித்து நீங்கள் மட்டும் வாருங்கள், உங்கள் நண்பர் வேண்டாம் என்றார்.

மூன்று நாள் கழித்துப் போனேன். இந்த முறை மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது என் அலுவலகத்தின் மதிய நேரம். எல்லாரும் இருந்தார்கள், யாரும் வேலை செய்யவில்லை. தலை சரியாக இருக்கிறது, எண்ணிக்கையும் பரவாயில்லை, கழுத்தில் இருக்கும் எஞ்சினும் வாலும்தான் சரியில்லை என்று மாஸ்டர் விளக்கினார். நூற்றுக்கு நாலைந்து பேர்தான் அசைகிறார்கள். இவர்கள் நீந்தி முட்டை வரைக்கும் போவது நடக்காத காரியம். நான் தலையைத் தொங்கப் போட்டேன். அவர் என் கழுத்தைப் பிடித்து மறுபடியும் மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுபோனார். "அந்தா, ஓரத்துல ஒருத்தன் போறான் பாருங்க. மெதுவாத்தான் போறான், ஆனா போறான். நமக்கு ஒருத்தன் போதும்ணே."

ரிப்போர்ட் வாங்கும் நாளன்று அம்மாவும் கூட வந்தாள். மகனுக்கு ஒன்றுமில்லை என்பதைத் தன் காதால் கேட்டுவிட்டு, விருதுநகருக்குப் போன் போட வேண்டும் என்பது அவள் திட்டம். மாடியேறி நேரே மாஸ்டரிடமே கேட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லும் மனிதர், ரிப்போர்ட் உங்கள் மகனுடையது, அவர்தான் சொல்ல வேண்டும் என்று என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். கலா மட்டும் பார்க்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொறை எனக்குத்தாம்மா. கலாவுக்கு ஒண்ணுமில்ல. எப்பவும் இருந்ததில்ல."

அம்மா அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன நடக்குமோ என்று நான் பயந்துகொண்டிருந்தபோது, மாஸ்டருக்கு அவருடைய வியாதி வந்துவிட்டது. அம்மா என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டார். முப்பது வருடம் விசைத்தறிக்குத் தார் சுற்றியவள் என்றேன். தார் என்றால், தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் ஊடைநூல் குச்சி.

அவ்வளவுதான், அவருக்குக் கண் மின்னியது. ஒரு பேனாவை எடுத்து, மேசையில் கிடந்த ரப்பர் பேண்டை அதன் கழுத்தில் சுற்றிக்கொண்டே சொன்னார்: அந்தப் பயலின் கழுத்திலும் இப்படித்தான் தாரில் நூல் சுற்றினாற்போல எஞ்சின் சுற்றியிருக்கும். அதிலிருந்துதான் வாலுக்குச் சக்தி. உங்கள் மகனுக்குத் தலையில் பார்சல் பத்திரமாக இருக்கிறது, கழுத்தில் சுற்றுதான் சரியில்லை.

அம்மா பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரப்பர் பேண்டை அவிழ்த்து, தானே ஒழுங்காக, இடைவெளி இல்லாமல் சுற்றினாள். "சுத்து தளர்ந்தா நாடா பாதியில நின்னுரும்" என்றாள், தொழிலாளியின் குரலில். பிறகு, "அதுக்குத் தறியைக் கொறை சொல்லி என்ன செய்ய" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கலாவிடம் அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் கீழே இறங்கும்போது, ஆறு வருட ஃபைல்கள் இருந்த அந்தக் கனமான பையைக் கலாவின் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். செல்லூர் வரைக்கும் இறக்கி வைக்கவில்லை. விருதுநகருக்குப் போன் போகவில்லை.

அடுத்து வந்த வைத்தியம் இதுதான்: ஓடக்கூடிய ஒரே ஒருவனைப் பொறுக்கி எடுத்து, மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் நேரே முட்டைக்குள் விட்டுவிடுவது. அவன் நீந்த வேண்டாம், உறையைக் கரைக்க வேண்டாம், பல்லக்கில் போகிற மாப்பிள்ளை மாதிரி போனால் போதும். ஆட்களைத் தேடி எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு மாஸ்டருக்கு. முதல் தடவை பலிக்கவில்லை. கலா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாஸ்டரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வரவில்லை என்று டீக்கடையில் சொன்னார்கள்.

இரண்டாம் தடவை, முட்டைக்குள் விட்ட மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது. மாஸ்டர்தான். விதிப்படி டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும், பொறுக்க முடியவில்லை என்றார். குரலைத் தணித்து, ஏதோ தூங்கும் வீட்டிலிருந்து பேசுபவர் மாதிரிப் பேசினார்.

"உள்ள ரெண்டு உருண்டை தெரியுதுண்ணே. ஒண்ணு உங்களோடது, ஒண்ணு தங்கச்சியோடது. பக்கத்துப் பக்கத்துல வந்து நிக்குது. இன்னும் ஒண்ணும் பேசிக்கல. சாயந்தரத்துக்குள்ள சேந்துரும்."

போனைக் கலாவிடம் கொடுத்து, அவர் வாயாலேயே இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

மகள் பிறந்தாள். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள், முதல் பிள்ளை பொண்ணாப் பெத்துட்டாளே என்று இழுத்தபோது, என் அம்மா அவளை உட்கார வைத்து, ஆணா பெண்ணா என்பது அப்பன் அனுப்புகிற பயல் கொண்டுவரும் பார்சலைப் பொறுத்தது, மருமகளைச் சொல்ல ஒன்றுமில்லை என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தாள். ஒரு வாழைப்பழத்தை உரித்து, தலை எது, வால் எது என்றும் காட்டினாள். அந்த அம்மாள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பழம் சாப்பிடுவதில்லை. பாண்டியும் வந்து பார்த்துவிட்டு, காது கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே, அந்தக் காளை டப்பாவை நிஜமாகவே கொட்டிவிட்டார்கள்தானே என்று என் காதில் கேட்டுவிட்டுப் போனான்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எந்த வீட்டு விசேஷத்துக்கும் போகாதவர். கட்டம் போட்ட சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். அறை வாசலிலேயே நின்றார். அம்மாதான் உள்ளே கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, பிள்ளையை வைத்தாள். ஒரு சொட்டில் பாதியைச் சிந்தாமல் எடுத்து வைக்கிற கை அது. அன்றைக்குப் பிள்ளையின் தலையைத் தாங்க அம்மா சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பிறக்கும்போது இரண்டரைக் கிலோகூட இல்லாத, டாக்டர்களே எடை போதாது என்று சொல்லிக்கொண்டிருந்த என் மகளை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நம்ப முடியாதவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"என்னண்ணே, இம்புட்டுப் பெருசா இருக்கா."